தமிழ்நாடு காவல்துறையில் புலன் விசாரணை யார் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகார் கொடுத்த பிறகு வழக்கு யார் கையில் இருக்கிறது?

வழக்குப் பதிவானதும் அது விசாரணை அதிகாரி என்ற ஒருவரின் பொறுப்புக்குப் போய்விடுகிறது. சாட்சிகளை விசாரிப்பதும், பொருள்களைக் கைப்பற்றுவதும், கைது செய்வதும், கடைசியில் நீதிமன்றத்தில் கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்வதும் அவர்தான். காவல்துறையில் எத்தனையோ பிரிவுகள் இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அவை எல்லாம் இந்த ஒருவருக்குத் துணை நிற்பவை அல்லது இவரை மேற்பார்வை செய்பவை. ஆகவே "எந்தப் பிரிவு விசாரிக்கிறது" என்பதைவிட "விசாரணை அதிகாரி யார், அவருடைய நிலை என்ன, அவருக்கு மேலே யார்" என்று கேட்பதே புகார்தாரருக்குக் கூடுதல் பயன் தரும்.

பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்தை விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டம் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கே நேரடியாகத் தந்திருக்கிறது. அதற்கு நீதித்துறை நடுவரின் முன் அனுமதி தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் (இனி பி.என்.எஸ்.எஸ்.) இந்த அடிப்படை மாறவில்லை.

சி.எஸ்.ஆர். கொடுத்துவிட்டார்கள். விசாரணை தொடங்கிவிட்டதாகக் கொள்ளலாமா?

கொள்ள முடியாது. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு நிலையப் பதிவேட்டில் ஏறியதற்கான ரசீது மட்டுமே. சட்டப்படியான புலன் விசாரணை முதல் தகவல் அறிக்கையிலிருந்து, அதாவது எஃப்.ஐ.ஆரிலிருந்து தொடங்குகிறது. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-இல் தீர்ப்பளித்தது. பி.என்.எஸ்.எஸ். 173(3)-ஆம் பிரிவு ஓர் இடைவெளியைத் திறந்திருக்கிறது: மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் 14 நாள்களுக்குள் முதல்நிலை விசாரணை நடத்தி, வழக்குக்கு முகாந்திரம் உண்டா என்று பார்க்கலாம். அந்த 14 நாள்களைத் தாண்டியும் சி.எஸ்.ஆர். நிலையிலேயே மனுவை வைத்திருப்பதற்குச் சட்டத்தில் ஆதரவு இல்லை.

நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். அதிலும் பயன் இல்லையெனில் நீதித்துறை நடுவரிடம் மனு செய்து, 175(3)-ஆம் பிரிவின் கீழ் விசாரணைக்கு உத்தரவு கோரலாம். எஃப்.ஐ.ஆரின் நகல் தகவல் தந்தவருக்குக் கட்டணமின்றித் தரப்பட வேண்டும். அதில் மேலே இருக்கும் குற்ற எண்ணையும் ஆண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

ஒரே காவல் நிலையத்தில் இரண்டு ஆய்வாளர்கள் இருப்பது ஏன்?

சென்னை, ஆவடி, தாம்பரம், கோவை, மதுரை போன்ற ஆணையரகங்களில் ஒரே கட்டடத்தில் சட்டம் ஒழுங்கு ஆய்வாளர் ஒருவரும், குற்றப்பிரிவு ஆய்வாளர் ஒருவரும் இருப்பதைக் காணலாம். குற்றப்பிரிவு என்ற பெயரைப் பார்த்துக் கொலை வழக்கும் அங்கேதான் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறை அப்படியில்லை. திருட்டு, வழிப்பறி, வீடு புகுந்து திருடுதல், கொள்ளை என்று சொத்து சார்ந்த குற்றங்களைத்தான் குற்றப்பிரிவு கவனிக்கிறது. முன்பகையில் நடந்த கொலையும் அடிதடியும் மிரட்டலும் சட்டம் ஒழுங்கு ஆய்வாளரிடம் போகும், நகைக்காக நடந்த கொலை என்றால் குற்றப்பிரிவுக்கு வரும். மாவட்டங்களில் உள்ள நிலையங்களில் பெரும்பாலும் இந்தப் பிரிவினையே கிடையாது. ஒரே ஆய்வாளர் எல்லாவற்றையும் பார்க்கிறார்.

புலன் விசாரணையைச் சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரிக்க வேண்டும் என்பது பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் பிறப்பித்த ஏழு உத்தரவுகளில் ஒன்று. காரணம் எளிது. திருவிழா, தலைவர் வருகை, ஆர்ப்பாட்டம் என்று பந்தோபஸ்து வரும்போதெல்லாம் ஆய்வாளர் சாலையில் நிற்கிறார், சாட்சி விசாரணை மறுவாரத்துக்குத் தள்ளிப்போகிறது. விசாரணையின் தரத்தைக் கெடுப்பதில் திறமைக் குறைவைவிட இந்த நேரக் குறைவுக்கே பங்கு அதிகம் என்பது என் கருத்து. புதிய சிறப்புப் பிரிவுகள் பல உருவாக்கப்பட்டும் நிலைய அளவில் இந்தப் பிரிவினை முழுமை பெறவில்லை.

எந்த வழக்கை எந்த நிலையிலுள்ள அதிகாரி விசாரிப்பார்?

சிறு வழக்குகளை உதவி ஆய்வாளர் அல்லது சிறப்பு உதவி ஆய்வாளர் பார்ப்பார். கொலை, கொள்ளை, பாலியல் வன்கொடுமை போன்றவற்றை ஆய்வாளர் எடுத்துக்கொள்வார். சில குற்றங்களுக்குச் சட்டமே அதிகாரியின் நிலையை வரையறுத்துவிடுகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டின் விதிகளில் 7-ஆவது விதி சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களுக்கு ஆய்வாளர் நிலை வேண்டும். திருமணமாகி ஏழாண்டுகளுக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்குரிய முறையில் இறந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் தனியாக விசாரணை நடத்துவார், காவல்துறைத் தரப்பில் துணைக் கண்காணிப்பாளரோ உதவி ஆணையரோ விசாரணை அதிகாரியாக இருப்பார். தகுதியில்லாத அதிகாரி விசாரித்தார் என்ற ஒரே காரணத்தைக் காட்டி எதிர்த்தரப்பு வழக்கையே ஆட்டம் காணச் செய்ய முடியும் என்பதால், புகார்தாரரும் இதைக் கவனித்திருப்பது நல்லது.

ஒரு கொலை வழக்கில் முதல் நாளில் யார் யார் என்ன செய்கிறார்கள்?

தகவல் வந்ததும் நிலையத்தில் இருப்பவர் வாக்குமூலத்தைப் பெற்று எஃப்.ஐ.ஆர். பதிவு செய்கிறார். அதன் அசல் ஒரு காவலர் வழியாக உடனே நீதித்துறை நடுவரிடம் போகவேண்டும், நள்ளிரவாக இருந்தால் நடுவரின் வீட்டுக்கே எடுத்துச் செல்வார்கள். நடுவர் அதைப் பெற்றுக்கொண்ட நேரத்தைத் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிடுகிறார். நீதிமன்ற விசாரணையின்போது எதிர்த்தரப்பு வழக்குரைஞர் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்த ஒற்றை வரியைத்தான். இரவு 9 மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் எஃப்.ஐ.ஆர். மறுநாள் மதியம்தான் நடுவரிடம் வந்திருந்தால், இடைப்பட்ட நேரத்தில் யோசித்துப் பெயர்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்ற வாதம் அங்கேயே பிறந்துவிடும்.

இதற்கிடையில் ஆய்வாளர் சம்பவ இடத்துக்குப் போய், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பார்வை மகஜர், அதாவது அந்த இடத்தில் கண்டதை எழுதிவைக்கும் ஆவணம், தயாரித்து, மாதிரி வரைபடமும் வரைகிறார். ரத்தக்கறை படிந்த மண்ணும், ஒப்பிடுவதற்காகக் கறைபடாத மண்ணும் தனித்தனியாக எடுக்கப்படுகின்றன. பஞ்சாயத்தார் எனப்படும் உள்ளூர்ச் சாட்சிகள் முன்னிலையில் பிரேத விசாரணை நடக்கிறது. பிறகு உடல் ஒரு காவலரின் பொறுப்பில், வேண்டுகைக் கடிதத்துடன் அரசு மருத்துவமனைக்குப் போகிறது. உடற்கூறாய்வு முடிந்ததும் இறந்தவரின் உடைகளைப் பெற்று ஆய்வாளரிடம் ஒப்படைப்பதும் அதே காவலர்தான். அவரும் ஒரு சாட்சி ஆகிறார்.

கைரேகை நிபுணர், புகைப்படக்காரர், மோப்ப நாய்ப் பிரிவு எல்லாரும் வருவது ஆய்வாளரின் அழைப்பின்பேரில். சோதனையையும் பொருள் கைப்பற்றுவதையும் ஒலி ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவு இப்போது கட்டாயமாக்கியிருக்கிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்கிறது 176(3)-ஆம் பிரிவு. இது நடைமுறைக்கு வரும் நாளை மாநில அரசு ஐந்தாண்டுகளுக்குள் அறிவிக்க வேண்டும்.

அன்றன்று செய்தவை வழக்கு நாட்குறிப்பில் ஏறுகின்றன. எழுத்து வேலையில் பெரும்பங்கு நிலைய எழுத்தருடையது, ஊர்வழக்கில் ரைட்டர். நீதிமன்றத்துக்கும் நிலையத்துக்கும் இடையே கோப்புகளைச் சுமந்து, சம்மன்களைச் சார்பு செய்து, வாய்தா தேதிகளை நினைவில் வைத்திருப்பவர் கோர்ட் காவலர். அமைப்பு வரைபடங்களில் இந்த இருவருக்கும் பெட்டி இருக்காது. ஆனால் இவர்கள் கவனமாக இருக்கும் நிலையத்தில் வழக்குகள் தொலைவதில்லை.

கிராம நிர்வாக அலுவலர் ஏன் அடிக்கடி சாட்சியாக வருகிறார்?

குற்றவாளி கொடுக்கும் தகவலின்பேரில் ஆயுதத்தைக் கைப்பற்றும்போது இரண்டு பேர் உடனிருந்து மகஜரில் கையொப்பமிட வேண்டும். அக்கம்பக்கத்தார் நீதிமன்றத்துக்கு அலையத் தயங்குவார்கள், பிறழ்சாட்சியாகவும் மாறிவிடுவார்கள். அரசு ஊழியரான கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் அழைத்தால் வந்துவிடுவார்கள். இதில் தவறில்லை. ஆனால் குற்றவாளி நேராகக் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அவர் எழுதி வாங்கிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார் என்ற வகை வழக்குகள் வேறு. முன்பின் தெரியாத ஓர் அலுவலரிடம் யாரும் மனம் திறப்பார்களா என்று கேட்டு, இத்தகைய வாக்குமூலங்களை நீதிமன்றங்கள் பலமுறை புறந்தள்ளியிருக்கின்றன.

மேற்பார்வை யாருடையது?

மாவட்டத்தில் உட்கோட்டத் துணைக் கண்காணிப்பாளர், அவருக்கு மேல் மாவட்டக் கண்காணிப்பாளர், பிறகு சரகத் துணைத் தலைவர் (டி.ஐ.ஜி.), மண்டலத் தலைவர் (ஐ.ஜி.). மாநகரத்தில் உதவி ஆணையர், துணை ஆணையர் என்று போய் ஆணையரில் முடியும். முக்கியமான வழக்குகளில் மேற்பார்வை அதிகாரியும் சம்பவ இடத்தைப் பார்வையிட்டு, எந்தச் சாட்சியை விசாரிக்கவில்லை, எந்த ஆவணம் வேண்டும் என்று குறிப்பாணை தருவார். மனக்குறை இருந்தால் முதலில் எழுத வேண்டியது இந்தத் துணைக் கண்காணிப்பாளருக்கு அல்லது உதவி ஆணையருக்கு. நேராக முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு அனுப்பும் மனுவும் பெரும்பாலும் கீழிறங்கி இதே மேசைக்குத்தான் வந்து சேரும்.

"தனிப்படை அமைப்பு" என்று செய்தியில் வருவது தனிப் பிரிவா?

இல்லை. தப்பியோடியவரைப் பிடிக்க மாவட்டக் கண்காணிப்பாளரோ ஆணையரோ வெவ்வேறு நிலையங்களிலிருந்து ஆள்களைப் பொறுக்கி அமைக்கும் தற்காலிகக் குழு அது. கைப்பேசி அழைப்பு விவரங்களையும் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளையும் தொடர்ந்து போய் ஆளைக் கொண்டுவருவதோடு அதன் வேலை முடிகிறது. விசாரணை அதிகாரி பழையபடி அதே ஆய்வாளர்தான்.

மத்தியக் குற்றப்பிரிவுக்கும் மாவட்டக் குற்றப்பிரிவுக்கும் என்ன வழக்குகள் போகின்றன?

மாநகரத்தில் இருப்பது மத்தியக் குற்றப்பிரிவு, மாவட்டத்தில் இருப்பது மாவட்டக் குற்றப்பிரிவு. இரண்டுமே பெரிய தொகை சம்பந்தப்பட்ட மோசடி, போலி ஆவணம், வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றுதல் போன்ற ஆவணம் நிறைந்த வழக்குகளுக்கானவை. எவ்வளவு தொகைக்கு மேல் இங்கே வரும் என்ற வரம்பு அவ்வப்போது மாற்றப்படுகிறது. 2011-இல் தொடங்கப்பட்ட நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவுகளும் இவற்றை ஒட்டியே இயங்குகின்றன. நிலத் தகராறு எல்லாம் நில அபகரிப்பு ஆகிவிடாது. பாகப் பிரிவினையில் கசப்பு என்றால் அது உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய விவகாரம் என்று மனு திரும்பிவிடும், ஆள்மாறாட்டம், போலிப் பத்திரம், போலி வாரிசுச் சான்று இவற்றில் ஏதாவது ஒன்றைக் காட்டினால்தான் வழக்கு நிற்கும்.

மாநில அளவில் என்னென்ன சிறப்புப் புலனாய்வுப் பிரிவுகள் உள்ளன?

இவற்றில் பழையது குற்றப்புலனாய்வுத் துறை. ஒவ்வொரு மாகாணத்திலும் இப்படி ஒரு துறை வேண்டும் என்று 1902–03-இல் ஃப்ரேசர் ஆணையம் பரிந்துரைத்ததன் விளைவாக, 1906-இல் சென்னை மாகாணத்தில் அது தொடங்கியது. இன்றைய சி.பி.சி.ஐ.டி., அதாவது மாநிலக் காவல்துறையின் குற்றப்பிரிவுக் குற்றப்புலனாய்வுத் துறை, அந்த வழியில் வந்தது.

பொருளாதாரக் குற்றப்பிரிவு, அதிக வட்டி ஆசைகாட்டிப் பொதுமக்களிடம் முதலீடு திரட்டி ஏமாற்றும் நிதி நிறுவனங்களை விசாரிக்கிறது. இதன் ஆயுதம் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம், ஊடகங்கள் டான்பிட் என்று எழுதுவது. கைது மட்டும் பணத்தைத் திருப்பித் தராது என்பதால், மாவட்ட வருவாய் அலுவலர் நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாக ஏலம் விட்டுப் பங்கிடும் முறையை இச்சட்டம் ஏற்படுத்தியிருக்கிறது. பணம் போட்டவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே ரசீது நகலுடன் புகார் தரவேண்டும் என்று சொல்லப்படுவது இதற்காகத்தான். பட்டியலில் பெயர் இல்லாதவருக்குப் பங்கீட்டிலும் இடமில்லை.

1983-இல் தொடங்கிய சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு கோயில் சிலைகளையும் தொன்மையான கலைப்பொருள்களையும் பற்றிய வழக்குகளை எடுக்கிறது. ரேஷன் அரிசிக் கடத்தலுக்குக் குடிமைப்பொருள் வழங்கல் குற்றப்புலனாய்வுத் துறை இருக்கிறது. இணையவழிக் குற்றப்பிரிவின் கீழ் மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் உண்டு. பணம் பறிபோன வழக்குகளில் நிலையத்துக்குப் போகும் முன்பே 1930 என்ற எண்ணை அழைப்பது முக்கியம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகரும் முன் நிறுத்திவைக்க முதல் சில மணி நேரங்களில்தான் முடியும்.

லஞ்ச ஒழிப்பு மற்றும் கண்காணிப்புத் துறை 1964-இல் உருவானது. காவல்துறை அதிகாரிகள் பணியாற்றினாலும் அது காவல்துறைத் தலைமை இயக்குநரின் கட்டுப்பாட்டில் இல்லை, அரசின் மனிதவள மேலாண்மைத் துறையின் கீழ் வருகிறது. காவலர்மீதே லஞ்சப் புகார் வரும்போது இந்த விலகல் எவ்வளவு தேவை என்பது விளங்கும்.

அனைத்து மகளிர் காவல் நிலையம் என்ன விசாரிக்கிறது?

முதல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் திறக்கப்பட்டது. குடும்ப வன்முறை, வரதட்சணைக் கொடுமை, பாலியல் குற்றங்கள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகள் இங்கே பதிவாகின்றன. போக்சோ வழக்கில் குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை அணியாமல் பதிவு செய்ய வேண்டும். குழந்தையைக் காவல் நிலையத்தில் காத்திருக்க வைத்தால் பெற்றோர் தயங்காமல் ஆட்சேபிக்கலாம். விசாரணையை முடிக்க இரண்டு மாதக் கெடு உண்டு.

உளவுப் பிரிவும் வழக்கு விசாரிக்குமா?

தனிப்பிரிவு எனப்படும் உளவுக் காவலர்கள் தகவல் திரட்டி மேலிடத்துக்கு அறிக்கை தருபவர்கள், அவர்களிடம் புகார் கொடுத்துப் பயனில்லை. கியூ பிரிவு இதற்கு விதிவிலக்கு. தீவிரவாதம் சார்ந்த வழக்குகளை அது பதிவு செய்து விசாரிக்கவும் செய்கிறது.

தடய அறிவியல் துறை காவல்துறைக்குக் கீழ் வருகிறதா?

வரவில்லை. அது உள்துறையின் கீழ் இயங்கும் தனித் துறை. 1849-இல் சென்னையில் தொடங்கிய வேதியியல் ஆய்வகத்தில் அதன் வேர் இருக்கிறது. கைரேகைப் பிரிவு மட்டும் காவல்துறைக்குள்ளேயே இருக்கிறது. கைப்பற்றிய பொருள்களை விசாரணை அதிகாரி முதலில் நீதிமன்றத்தில் ஒப்படைத்து, அங்கிருந்தே ஆய்வுக்கு அனுப்பிவைக்கக் கோருவது வழக்கம். அறிக்கையும் நீதிமன்றத்துக்குத்தான் வரும். குற்றப்பத்திரிகை தாமதமாவதற்கு ஆய்வறிக்கை வராததே பல வழக்குகளில் காரணம்.

எங்கள் வழக்கை சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றச் சொல்லலாமா?

கேட்கலாம். காவல்துறைத் தலைமை இயக்குநர், அரசு, உயர் நீதிமன்றம் ஆகியோர் மாற்றி உத்தரவிட முடியும். மாற்றியதும் அங்கே புதிய குற்ற எண்ணில் வழக்கு மறுபதிவாகிறது, கோப்புகள் கைமாறுகின்றன, புதிய அதிகாரி சாட்சிகளை மறுபடி விசாரிக்கிறார். உள்ளூர்க் காவலர்மீதே குற்றச்சாட்டு இருக்கும்போதும், பல மாவட்டங்களில் பரவிய குற்றத்திலும் இது நியாயமான கோரிக்கை. விசாரணை மெதுவாகப் போகிறது என்ற ஒன்றுக்காக மட்டும் கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் வாரத்தில் எடுக்காமல் விட்ட தடயத்தை ஆறு மாதம் கழித்து எந்தப் பிரிவாலும் எடுக்க முடியாது, அப்படியிருக்கச் சாட்சி இரண்டு இடங்களில் இரண்டு விதமாகச் சொன்னதாக ஆகிவிடும் ஆபத்து வேறு சேர்ந்துகொள்கிறது.

மத்தியப் புலனாய்வு அமைப்பான சி.பி.ஐ. எப்போது வரும்?

மாநில அரசின் ஒப்புதலோடு, அல்லது உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற உத்தரவால். தமிழ்நாடு அரசு 2023 ஜூனில் சி.பி.ஐ.க்கான பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, இப்போது வழக்குக்கு வழக்கு ஒப்புதல் வேண்டும். நீதிமன்ற உத்தரவுக்கு இந்தத் தடை பொருந்தாது. கைமாறும் இடைவெளியில் தடயம் அழியக்கூடும் என்பதற்கு 2020-ஆம் ஆண்டின் சாத்தான்குளம் காவல் மரண வழக்கு உதாரணம்: சி.பி.ஐ. வந்து பொறுப்பேற்கும் வரை காத்திருக்காமல், அதுவரை சி.பி.சி.ஐ.டி. விசாரிக்கட்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாள்களுக்குள் தகவல் தந்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 193-ஆம் பிரிவு சொல்கிறது. குற்றவாளி காவலில் இருந்தால் குற்றப்பத்திரிகைக்கு 60 நாள் அல்லது, பத்தாண்டும் அதற்கு மேலும் சிறை, ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்களில், 90 நாள் கெடு உண்டு. அதைத் தாண்டினால் அவர் பிணையில் வெளிவரும் உரிமை பெறுகிறார். யாரும் கைதாகாத வழக்குகளில் இந்த நெருக்கடி இல்லாததால் அவை எளிதில் பின்தங்கிவிடுகின்றன, நினைவூட்டல் கடிதம் அங்கேதான் தேவை.

இறுதி அறிக்கை எப்போதும் குற்றப்பத்திரிகையாகவே இருக்காது. புகார் பொய்யானது, குற்றம் நடக்கவில்லை, அல்லது குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் முடிக்கலாம். அப்போது வழக்கு அப்படி முடிக்கப்படுகிறது என்று தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் எனப்படும் அறிவிப்பு புகார்தாரருக்கு வரும். அதில் கையொப்பம் வாங்க வரும் காவலர் அவசரப்படுத்தினாலும், தேதியை எழுதிக் கையொப்பமிட்டு நகலை வைத்துக்கொள்ளுங்கள். புகார்தாரரைக் கேட்காமல் அத்தகைய அறிக்கையை நடுவர் ஏற்கக்கூடாது என்று பகவந்த் சிங் வழக்கில் 1985-இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எந்தச் சாட்சியை விசாரிக்கவில்லை, எந்த ஆவணத்தைப் பார்க்கவில்லை என்று குறிப்பிட்டு நடுவர் முன் ஆட்சேப மனு தாக்கல் செய்தால், மேல் விசாரணைக்கு உத்தரவிடவோ, அறிக்கையை மறுத்துத் தாமே வழக்கைக் கோப்பில் எடுக்கவோ அவருக்கு அதிகாரம் உண்டு.